கதவு சாத்தியிருந்த நேரம்

கணேசலிங்கம் எழுந்தான். பல் தீட்டினான். முகம் வழித்தான். கேத்தலைப் போட்டான். தண்ணீர் கொதித்தது. கோப்பையை எடுத்தவன் திரும்ப வைத்துவிட்டான்.

இன்று பாலாம்பிகையின் ஆட்டைத் திவசம். மனைவி இறந்து ஒரு வருடம். படையல் முடியும்வரை வாயில் எதுவும் படக்கூடாது.

நகரின் மறுகோடியிலுள்ள செவன் கிங்ஸிலிருந்து அவளுடைய அக்கா தவமலரும் கணவர் சிவானந்தனும் சட்டிபானைகளோடு கோலியர்ஸ் வுட்டில் அவன் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். முன்னறையில், பாலாம்பிகையின் படத்துக்கு முன்னால் வாழையிலை விரிந்தது. சோறு, பருப்பு, வாழைக்காய்க் கறி, வடை, பாயாசம்.

இலையோரத்தில் கணேசலிங்கம் ஒரு சின்னப் பெட்டியை வைத்தான். தாய்வானிலிருந்து கொண்டுவந்த அன்னாசிக் கேக்.

"முட்டை போட்டதோ?" என்றாள் தவமலர்.

"தெரியேல்லை, அக்கா."

அவள் பெட்டியை எடுத்துவிடவில்லை. இலையில் முட்டாதபடி ஒரு விரற்கடை நகர்த்தி மட்டும் வைத்தாள்.

கற்பூரம் காட்டினாள். எல்லோரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினாள். செத்தவர் ஆறுதலாகச் சாப்பிட வேண்டும். யாரும் பார்க்கக் கூடாது.

மூவரும் பசியோடு குசினியில் நின்றார்கள்.

பேச்சு எங்கே திரும்பும் என்று அவனுக்குத் தெரியும். துக்க வருடம் முடியுமுன்னே முதுகில் பையைக் கொளுவிக்கொண்டு ஊர் பார்க்கப் போனவன் அவன். போன கிழமைதான் வந்து இறங்கினான். செவன் கிங்ஸ் முழுக்க அதே கதை. அந்த வாய்களையெல்லாம் அடைத்தவள் தவமலர். தாய்வானுக்குப் போகச் சொன்னது என் தங்கை, சாகிற கட்டிலில் கிடந்து சொன்னாள் என்று வீடு வீடாகச் சண்டை பிடித்தாள்.

அவளுக்கு அப்படிச் சொன்னவன் கணேசலிங்கம். புறப்படுவதற்கு முதல் நாள், தொலைபேசியில்.

தவமலர் அதை நம்பாமல் இருக்கக் காரணமில்லை. பாலாம்பிகையின் வேலைத்தோழி கொடுத்த தாய்வான் நாட்காட்டி இந்தக் குசினிச் சுவரில்தான் தொங்கியது. அதிலிருந்த மலைப் படங்களைப் பார்த்துக்கொண்டேதான் பாலாம்பிகை சமைத்தாள்.

"சரி ஐசே, அங்க என்னதான் திண்டனீர்?" என்றார் சிவானந்தன்.

அவன் சுரத்தில்லாமல்தான் தொடங்கினான். தைப்பேயின் இரவுச் சந்தை என்றான். சிப்பியும் முட்டையும் போட்ட ரொட்டி என்றான். பிறகு எங்கிருந்தோ குரல் ஏறியது.

"சவ்வரிசி இருக்கெல்லே அக்கா, அது மாதிரிக் கறுப்பு உருண்டையள். ஐஸ் போட்ட பால் தேத்தண்ணிக்குள்ள விட்டு மொத்தமான குழாயால உறிஞ்சிறாங்கள். ஒவ்வொண்டும் வந்து தொண்டையில டொக்கெண்டு இடிக்குது!"

"பாயாசத்தைக் குழாயால குடிக்க அதுகளுக்கு என்ன கேடு?"

"ஒரு சந்தியில நாத்தமெண்டா நாத்தம். ஊத்தைத் தண்ணிக் கான் உடைஞ்சிட்டுதாக்கும் எண்டு பாத்தால், சனம் கியூவில நிக்குது. புளிக்க வைச்ச சோயாக் கட்டி, தோஃபு. நானும் நிண்டன்."

"காசு குடுத்தோ?"

"ரெண்டாம் தரமும் குடுத்தனான், அண்ணை!"

சிவானந்தன் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். தவமலர் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவனால் நிறுத்த முடியவில்லை. விடியுமுன் அலிசான் மலைக்கு ஏறிய சின்ன ரயில். காலடியில் கடல்போல முகில். சூரியன் எட்டிப் பார்த்ததும் முன்பின் தெரியாத சனமெல்லாம் கூச்சல் போட்டது. அவனும் போட்டான். ஒரு வருடமாக எதைத் தின்றாலும் கடதாசி போலிருந்த நாக்கில், கீழே இறங்கிக் குடித்த இஞ்சிச் சூப்பு சுரீரென்று சுட்டது.

"அது அவங்களுக்குச் செத்தவையின்ர மாதம், அக்கா. ரோட்டில மேசை போட்டுப் படைக்கிறாங்கள். கை கழுவத் தண்ணி, துடைக்கத் துவாய் கூட!"

அவன் தங்கிய விடுதியின் சொந்தக்காரி செத்துப்போன தன் புருசனுக்குப் படைத்தாள். பிறை போன்ற இரண்டு மரத்துண்டுகளைக் கையில் பொத்தி, "சாப்பிட்டு முடிந்ததா?" என்று கேட்டு நிலத்தில் போட்டாள். ஒன்று நிமிர்ந்தும் மற்றது கவிழ்ந்தும் விழுந்தால் ஆம். இல்லாவிட்டால் காத்திருக்க வேண்டும். அன்றைக்கு மனிதர் முடிக்கிறாரே இல்லை. நூடில்ஸ் ஆறியது. பிள்ளைகள் சிணுங்கின. கடைசியில் ஆம் விழுந்ததும் வீடே கைதட்டிவிட்டுச் சாப்பாட்டில் பாய்ந்தது. அவனுடைய கோப்பையையும் நிரப்பினார்கள்.

சொல்லி முடித்தபோது அவனுக்கு மூச்சு வாங்கியது.

தவமலர் சாத்திய கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி, அண்டைக்கு நான் ஷிப்டில நிண்டிட்டன். வந்து சேரேக்க அவள் இல்லை." அவள் குரல் தாழ்ந்தது. "தாய்வானுக்குப் போங்கோ எண்டு எப்பிடிச் சொன்னவள்? அவளின்ர சொல்லிலயே ஒருக்காச் சொல்லுமன்."

சிவானந்தன் சிரிப்பை நிறுத்தினார்.

ஒரு வசனம் கட்டிச் சொல்லியிருக்கலாம். அந்த வசனத்தைத்தான் அவள் செவன் கிங்ஸ் முழுக்கக் கொண்டு திரிவாள். கணேசலிங்கம் அதைக் கட்டவில்லை.

"தாய்வான் எண்டு அவள் சொல்லவேயில்லை, அக்கா."

அவளுடைய கடைசி நாள், ஆஸ்பத்திரி வார்டில் மதியச் சாப்பாட்டு வண்டி வந்துபோன நேரம் அது. மசித்த கிழங்கும் பச்சைப் பட்டாணியும். முதல் நாளிலிருந்து பட்டினியாகக் கட்டிலருகே இருந்தவன் பக்கமாக, பாலாம்பிகை தன் தட்டைத் தள்ளிவிட்டாள். அவன் அதில் ஒரு வாய்கூட வைக்கவில்லை.

அவன் தாய்வானாக்கிச் சொன்ன அவளுடைய கடைசிச் சொல் இவ்வளவுதான்:

"நான் பிறகு சாப்பிடுறன். நீங்கள் ஆறமுதல் சாப்பிடுங்கோ."