ஊமைக் குருவி

குருவியின் அலகு திறந்தது. தொண்டை துடித்தது.

சத்தம் வரவில்லை.

அவர் அசையாமல் நின்றார்.

கைக்குள் அடங்கிவிடும் உடம்பு. கருநீல முதுகு, வயிற்றோரம் செங்கல் நிறம். பாசி படிந்த வேரின் மேல் நின்று, வாயைத் திறந்து திறந்து மூடியது.

சோலைக்குள் மேகம் இறங்கியிருந்தது. இலைகளிலிருந்து நீர் சொட்டுவது அவருக்குக் கேட்டது. பள்ளத்தில் ஓடை போவதும் கேட்டது. இது மட்டும் ஏன் இப்படி?

பிறவியிலேயே குரல் இல்லையா? எங்காவது அடிபட்டதா? பாட முடியாத குருவிக்குத் துணை எப்படிக் கிடைக்கும்?

அது குனிந்து சருகைப் புரட்டியது. ஒரு புழுவைக் கொத்தி விழுங்கியது. நிமிர்ந்து, மறுபடி வாயைத் திறந்தது.

பின்னால் வந்த மனைவியைக் கைகாட்டி நிறுத்தினார்.

கோயிலுக்குப் போகும் குறுக்குப் பாதை. வீட்டிலிருந்து கிளம்பியதிலிருந்து இருவரும் பேசிக்கொள்ளவில்லை. காலையில் வழக்கமான சண்டை. அவள் வேண்டுமென்றே வாய்க்குள் முணுமுணுக்கிறாள் என்று இவர். காதை டாக்டரிடம் காட்டுங்கள் என்று அவள். தேயிலை ஃபேக்டரியில் மிஷின் பக்கத்திலேயே நின்று வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டோடு இருக்க ஆரம்பித்த பிறகுதான் வீட்டில் பேச்சு குறைந்தது.

“அங்க பாரு, பூங்காவனம். ஊமைக் குருவி. பாவம், என்ன பாடுபடுது.”

அவள் குருவியைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். காலையில் இருந்த கோபம் அந்த முகத்தில் இல்லை.

காதருகே வந்து சொன்னாள்.

“காடே நெறஞ்சு கேக்குதுங்க.”



அவர் குருவியின் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். துடித்தது. நின்றது. மறுபடி துடித்தது.

பிறகு, எப்படிப் பாடுகிறது என்று கேட்டார்.

அவள் சொல்லத் தொடங்கி, நிறுத்தினாள். சொல்ல வரவில்லை. பாதையின் இரண்டு பக்கமும் பார்த்தாள். யாரும் இல்லை. முந்தானையால் உதட்டைத் துடைத்துக் குவித்தாள்.

சீட்டி.

குருவியுடையதைவிடத் தணிந்த சுருதியில், பிசிறில்லாத சீட்டி. மெல்ல ஏறியது, வளைந்தது, இறங்கி ஓய்ந்தது. அத்தனையும் அவருக்குக் கேட்டது.

வேரின் மேல் குருவி தலையைச் சாய்த்தது. அலகைத் திறந்தது.

அவர் அதைப் பார்க்கவில்லை.

இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறார். இவளுக்குச் சீட்டியடிக்கத் தெரியும் என்பது தெரியாது.

“இது எப்பக் கத்துக்கிட்ட?”

அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள்.

அவர் குனிந்து, காதை அவள் பக்கம் திருப்பினார்.