கால் வலிக்காரி

கோடை வகுப்புப் பெண்களைச் சமணர் மலை காட்டக் கூட்டிப்போன சாரதாம்பாள் டீச்சருக்கு எரிச்சலாக வந்தது. பத்தடிக்கு ஒருதரம் அவர்களில் ஒருத்தியான சோலையம்மாள் பாறையில் உட்கார்ந்துவிட்டாள்.

“கால் கடுக்குது டீச்சர். நீங்களும் செத்த உக்காருங்க.”

“இப்படி உட்கார்ந்துகிட்டே இருந்தா சமணர் படுக்கையை எப்பப் பார்க்கிறது?”

மேலே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த கீழக்குயில்குடிக்காரி சிரித்தாள். “இவளுக்கா கால் வலி? கல்யாணத்துக்கு முந்தி எங்களோட ஆடு மேய்ச்சவ. இந்த மலையில ஓடியே ஏறுவாளே!”

டீச்சர் சட்டென்று திரும்பினாள்.

சோலையம்மாள் அவள் காதருகே குனிந்தாள். “மாட்டுவண்டியில நீங்க வாந்தியெடுத்தப்பவே தெரிஞ்சுக்கிட்டேன்.”

முழுகாமல் இருப்பது தெரிந்தால் மலைக்கு விடமாட்டார்கள் என்று வீட்டில்கூடச் சொல்லாத டீச்சரின் கை, தானாக வயிற்றுக்குப் போனது.

“இறங்கயிலயும் எனக்குக் கால் வலிக்கும் டீச்சர்” என்றாள் சோலையம்மாள்.