சுவரில் ஓர் ஆணி

அந்தக் கண்ணீர் அசல்தானா என்று ஓவியருக்குப் பல வருடங்களாகவே சந்தேகம்.

எல்லாரும் சொல்லும் கதைதான். டிவியில் வாய் ஓயாமல் பேசி, பெரிய பெரிய ஓவியர்களையெல்லாம் கிழித்துத் தொங்கவிட்ட விமர்சகர், பெயர் தெரியாத ஒரு பையனின் படத்துக்கு மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. கண் கலங்கி நின்றார். பையன் ஓவர்நைட்டில் பிரபலமாகிவிட்டான்.

அந்தப் பையனுக்கு இப்போது ஐம்பத்தைந்து வயது. போகிற இடமெல்லாம் இதைச் சொல்லித்தான் அறிமுகம். கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

இன்று டிவி நிலையத்தில் விமர்சகருக்குப் பிரிவு உபசார விழா. அந்தக் கதையை மேடையில் ஓவியரே சொல்ல வேண்டுமாம்.

கேன்டீனில், அன்று அந்த நிகழ்ச்சியை எடுத்த பழைய கேமராமேனைப் பிடித்தார்.

"அண்ணே, உண்மையைச் சொல்லுங்க. அவர் என் படத்தைப் பாத்துதான் அழுதாரா?"

கேமராமேன் டீயை ஆற்றினார். "அதை எதுக்குத் தம்பி இப்போ கிளறிக்கிட்டு?"

"மேடையேறிப் பொய் சொல்ல முடியலண்ணே."

"சரி, கேளுங்க. உங்க படத்தைக் காலையிலேயே அவர் பாத்துட்டார். அதை ஷூட் பண்ணி, வேன்ல ஏத்தி அனுப்பியாச்சு. அவர் முகத்தைச் சாயங்காலம்தான் எடுத்தோம். எதிரே வெறும் சுவர். அதுல ஒரு ஆணி. அதைப் பாத்துதான் அழுதார்."

"ஆக, நடிப்பு!"

"நீங்க மட்டும் என்னவாம்? காய்ஞ்ச பிரஷ்ஷை வெச்சுக்கிட்டு வரையற மாதிரி போஸ் குடுக்கலையா?"

ஓவியர் சிரிக்கவில்லை. "இத்தனை வருஷம் இந்த ஆளைப் போய்க் கும்பிட்டுக்கிட்டு இருந்தேனே..."

"முழுசாக் கேளுங்க தம்பி. கேமராவை ஓட விடறதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரியிலேருந்து போன். ரொம்ப நாளாப் படுக்கையில இருந்த அவர் சம்சாரம் போயிட்டாங்க. 'கிளம்புங்க சார், இன்னொரு நாள் எடுத்துக்கலாம்'னேன். 'இன்னைக்கு முடிக்கலைன்னா இந்தப் பையனைத் தூக்கிட்டு வேற யாரையாவது போட்டுடுவாங்க. ஒரே நிமிஷம், ஓட விடு'ன்னார். பேசத்தான் நின்னார். பேச்சு வரலை. அப்புறம்தான் ஆஸ்பத்திரிக்கு ஓடினார். யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாதுன்னு சொல்லிட்டார்."

ஒலிபெருக்கியில் ஓவியரை மேடைக்கு அழைத்தார்கள். எழுந்தவர், மறுபடி உட்கார்ந்தார்.

"பாவம்..." என்றார்.

பிறகு கேமராமேன் பக்கம் குனிந்தார்.

"அது இருக்கட்டும்ணே. காலையில என் படத்தைப் பாத்தப்போ, நல்லா இருக்குன்னு ஏதாவது சொன்னாரா?"