‘நாளை’ பொத்தான்

“ஆமையை வெச்சுக்கிட்டு ஓட்டப்பந்தயத்துல ஓட முடியுமா? வேண்டாம்னு எழுதிடப் போறேன்” என்றாள் அவள், மடிக்கணினியைத் திறந்தபடி.

துணி மடித்துக்கொண்டிருந்த கணவன் நிமிர்ந்தான். இன்று அவனுக்கு விடுமுறை.

“பாவம்மா. என்ன தப்பு பண்ணார் அவர்?”

“தப்பு பண்றதுக்குக்கூடக் கொஞ்சம் வேகம் வேணுமேங்க! நான் ஒரு நாளைக்கு நாற்பது முடிக்கிறேன். அவர் பதினஞ்சுதான்.”

“அம்மா, பால்...” என்றது தரையில் படம் வரைந்துகொண்டிருந்த நாலு வயசு.

“இதோ கண்ணு.”

வீட்டுச் சாமான் விற்கும் கம்பெனி ஒன்றுக்கு வரும் புகார்களை இணையத்தில் தீர்த்து வைப்பது அவள் வேலை. ஏழு பேர், ஏழு வீடு. சந்தேகம் கேட்க வசதியாக நாலு மணிக்கு வேலை முடியும்வரை எல்லாரும் ஒரே குரல் அழைப்பில் இருப்பார்கள். குழுவுக்கு அவள்தான் தலைவி, பட்டப்பெயர் மின்னல். எதையும் நிதானமாகச் செய்கிறவர் ஒருவர் உண்டு. அவருக்கு ஆமை.

ஆமையின் ஒப்பந்தம் இன்றோடு முடிகிறது. தொடரலாமா, வேண்டாமா என்று ஐந்து மணிக்குள் அவள் சொல்ல வேண்டும். அவள் சொன்னதுதான் முடிவு.

“போன வாரம் அவ்வளவு நேரம் பேசினேன். அதைக் கேட்டாவது திருந்தியிருக்கலாம்” என்றாள்.

வேலை குவியும்போது சமாளிப்பது எப்படி என்று மேலாளர் அவளைப் பேசச் சொல்லியிருந்தார். அவளும் பொளந்து கட்டினாள். ‘எல்லாமே அவசரம்னு நினைச்சா மண்டைதான் காயும். சுலபமானதை உடனே முடிங்க. யோசிக்க வேண்டியதைக் காபிக்கு அப்புறம் பாருங்க. இழுத்தடிக்கிறதைக் கண்ணை மூடிக்கிட்டு ‘நாளை’ பொத்தானை அமுக்கித் தள்ளுங்க. தானா கரைஞ்சிடும்!’

எல்லாரும் கை தட்டினார்கள். ஆமைகூடத் தட்டினார். கொஞ்சம் தாமதமாக.

“அது எப்படித் தானா கரையும்?” என்றான் கணவன்.

“கரையுதே! காலைல பார்த்தா என் பட்டியல்ல ஒண்ணுகூட இருக்காது. பாதிப் பேர் பிளக்கைச் சொருகாமலே புகார் எழுதறவங்கதானே. அவங்களே சரி பண்ணிக்கிறாங்க.”

‘வேண்டாம்’ என்பதைத் தொட்டாள். காரணம் கேட்டது திரை. ஆதாரத்துக்கு ஆமையின் பட்டியலைத் திறந்தாள்.

முதல் புகார், மூன்று தடவை பழுதான சலவை இயந்திரம். பதினொரு கடிதம் எழுதியும் அடங்காத ஒரு அம்மா.

‘இந்த அம்மாவை எங்கேயோ பார்த்திருக்கேனே?’

அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி. அவள் பெயர், மாலை 3.04, ‘நாளை’. அதற்குக் கீழே இன்னொரு வரி. ஆமையின் பெயர், மாலை 3.06, ‘எடுத்துக்கொண்டார்’.

அடுத்த புகாரிலும் அவள் பெயர். அடுத்ததிலும். எல்லாமே மூன்று மணிக்கு மேல் அவள் தள்ளியவை.

பழைய அறிவிப்புகளைத் துழாவினாள். புது மென்பொருள் வந்த நாளில் அனுப்பியது ஒன்று கிடந்தது. ‘நாளை என்று தள்ளும் புகார் இனி பொதுப் பட்டியலுக்குப் போகும். காலைக்குள் வேறு யாரும் எடுக்காவிட்டால், தள்ளியவர் பெயரில் சிவப்புக் குறி விழும்.’

ஆறு மாதமாகத் திறக்காத அறிவிப்பு. அதையும் அன்றைக்கு ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று தள்ளியிருந்தாள்.

“என்னம்மா, முகம் ஏன் இப்படி ஆயிடுச்சு?”

“எதுவும் கரையலைங்க. ஒருத்தர் உட்கார்ந்து கரைச்சிருக்கார்.”

‘வேண்டாம்’ என்பதை அழித்துத் ‘தொடரலாம்’ என்று மாற்றினாள். காரணம் என்ற இடத்தில் ‘கஷ்டமானதையெல்லாம் நான் தள்ளினேன், இவர் முடித்தார்’ என்று எழுதினாள். அனுப்புமுன் விரல் ஒரு நொடி நின்றது. இதோடு மின்னல் பட்டம் போய்விடும்.

போகட்டும். அனுப்பினாள். மணி நாலு ஐம்பத்திரண்டு.

ஆமைக்குப் போன் போட்டாள்.

“சொல்லுங்க தலைவி.”

“நல்லா வருது வாயில! ஆறு மாசமா நான் தள்றதையெல்லாம் வாரிப் போட்டுக்கிட்டு ஊமையாட்டம் இருந்திருக்கீங்க. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

அந்தப் பக்கம் சிரிப்பு கேட்டது.

“கண்டுபிடிச்சிட்டீங்களா? நீங்க மின்னல், சீக்கிரமே பிடிச்சுடுவீங்கன்னு நினைச்சேன்.”

“கிண்டலா? உங்க வேலையே போயிருக்கும், தெரியுமா? எதுக்குங்க இதெல்லாம்?”

ஆமை குரலைத் தாழ்த்தினார்.

“மூணு மணிக்குப் பாப்பா பள்ளிக்கூடத்துலேர்ந்து வர்றப்ப நீங்க மைக்கை அணைக்க மறந்துடுவீங்க தலைவி. ‘அம்மா, பசிக்குது’ன்னு கேட்கும். நீங்க ‘இதோ கண்ணு’ம்பீங்க. ஒரு நாள் அந்த ‘இதோ’ முக்கால் மணி நேரம் ஆச்சு. பாப்பா அழுது அழுது தூங்கிடுச்சு. அதுக்கு மறுநாள்தான் நீங்க முதல் தடவையா ‘நாளை’யை அமுக்கினீங்க. நான் எடுக்காம விட்டா சிவப்புக் குறி விழும். அதைப் பார்த்தா, மறுபடியும் ‘இதோ’ன்னு சொல்ல ஆரம்பிச்சுடுவீங்களே!”