பெரிய ஹவுசிங்

என் மகளைக் காரால் மோதிக் கொன்றுவிட்டு, சாட்சி இல்லையென்று தப்பித்த நவனீதன் என் பட்டறைக்கு வந்தான். கோர்ட்டில் எதிரே நின்ற என்னை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை.

"டர்போவுக்கு இருக்கிறதுலயே பெரிய ஹவுசிங்கா போடு, பெருசு. ரோட்ல பறக்கணும்."

ரோட்டில் ஓடும் காருக்கு, எஞ்சின் புகை பாய்ந்து டர்போவைச் சுழற்றும் அந்த ஹவுசிங் கூடு சின்னதாக இருக்கவேண்டும். ஆக்சிலேட்டரை மிதித்ததும் இழுக்கும். பெரியதைப் போட்டால், மிதித்தபின் வண்டி இரண்டு நொடி செத்துக் கிடக்கும். லாரியை முந்தும்போது எமனுக்கு அந்த இரண்டு நொடி தாராளம். வேறெவன் கேட்டிருந்தாலும் திட்டித் துரத்தியிருப்பேன்.

"இந்த வண்டியில பொண்டாட்டி, புள்ளைங்க யாராச்சும் ஏறுவாங்களா, தம்பி?"

"எவனையும் தொடக்கூட விடமாட்டேன். நான் மட்டும்தான்."

அலமாரியிலிருந்து பெரியதை இறக்கித் தூசி தட்டினேன்.