ஆளுக்கு நாலு கம்பி

“பொண்ணு பாதி வழியிலயே நிக்கிறா சார். நான் என்ன பண்ணட்டும்? பின்னாடி இருந்து தள்ளியா விட முடியும்?” என்று பெரியவர் போனில் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

நெட்டைச் சரிபண்ண வந்து மேசைக்கு அடியில் மல்லாந்து கிடந்த நெட்காரர் பதறி எழுந்ததில் தலை நங்கென்று இடித்தது. தேய்த்துக்கொண்டே திரையைப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. பாதியில் நின்றது கல்யாண வீடியோ. இந்த மாதிரி வீடியோக்களை வெட்டி ஒட்டிக் கொடுப்பதுதான் பெரியவருக்குத் தொழில். காலையிலிருந்து நெட்டில் ஏற்றிக்கொண்டிருக்கிறார், அது ஏறுவேனா என்கிறது.

“சாயங்காலம் சம்பந்தி வீட்டுல எல்லாரும் இதைப் பார்க்கத்தான் வர்றாங்களாம். அதுக்குள்ள போய்ச் சேரலைன்னா பொண்ணைப் பெத்த அந்த மனுஷன் அவங்க முன்னாடி தலைகுனிஞ்சு நிக்கணும்” என்றார் பெரியவர், போனை வைத்துவிட்டு. “அப்புறம் இந்தத் தொழில்ல என் பேரை யார் சொல்லுவா?”

சொல்லிக்கொண்டே, திரையில் அசையாமல் நின்ற மணப்பெண்ணின் கன்னத்துத் தூசியைச் சட்டை நுனியால் துடைத்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. செய்கிற வேலையில் இப்படி ஒரு ஈடுபாடா என்று நெட்காரருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. எப்படியும் இந்த மனுஷனுக்கு முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்புவது என்று முடிவு செய்தார்.

முதலில் நெட் ஒயரைத் தன் லேப்டாப்பில் செருகிப் பார்த்தார். அதுவும் அழுது வடிந்தது. மாடிப்படிக்குக் கீழே நெட் வரும் பெட்டி இருக்கும் இடத்துக்கே போய், அதில் நேராகச் செருகினார். அங்கே பிய்த்துக்கொண்டு போனது. ஆக, கோளாறு நடுவில் வரும் ஒயரில்தான்.

ஒயரைக் கையால் தடவிக்கொண்டே வந்தவர், ஹாலின் குறுக்குச் சுவரோரம் நின்றுவிட்டார். அங்கே மேல் உறை உரிக்கப்பட்டு, உள்ளே இருந்த எட்டுக் கம்பிகளில் நாலு இந்தப் பக்கம் வந்தன. மீதி நாலும் சுவரில் ஒரு ஓட்டை வழியாக அந்தப் பக்கம் போயிருந்தன.

“யார் சார் இந்த வேலையைப் பார்த்தது? எட்டும் சேர்ந்தாதான் முழு வேகம். நாலை வெச்சுக்கிட்டா பத்துல ஒரு பங்குதான் வரும்.”

“பாகம் பிரிச்சப்போ பண்ணது. எனக்கு நாலு, என் தம்பிக்கு நாலு. ஒரு கம்பி கூடக் குறையில்லாம எண்ணிப் பிரிச்சோம்” என்றார் பெரியவர், சற்றுப் பெருமையாகவே. “சுவருக்கு அந்தப் பக்கம் அவன் வீடு.”

அப்போதுதான் நெட்காரர் மேசையை ஒழுங்காகப் பார்த்தார். அதற்கு இரண்டே கால்கள். ரம்பம் போட்டு அறுத்த பாதி மேசை, சுவரில் சாய்ந்து நின்றது. அலமாரிக்கு ஒரு கதவுதான் இருந்தது. கடிகாரத்தைக் காணோம், அதன் சாவி மட்டும் ஆணியில் தொங்கியது.

“சார், ஒரு மணி நேரத்துக்கு அவர் பங்கைக் கேட்டு வாங்குங்க. நான் எட்டையும் சேர்த்து விடறேன். வீடியோ போனதும் திருப்பிக் குடுத்துடலாம்.”

“அவன்கிட்ட நான் போய் நிக்கறதா? இந்தத் தொழிலையே விட்டாலும் விடுவேன்.”

சரி, நாமே கேட்டுவிடலாம் என்று நெட்காரர் பக்கத்து வாசலுக்குப் போனார். ஜன்னல் ஒரு சாண் திறந்தது. தம்பிக்காரர் எள்ளும் கொள்ளும் வெடிக்கிற முகத்தோடு எட்டிப் பார்த்தார்.

“தர முடியாதுன்னு சொல்லுங்க. எனக்கு ஒண்ணு வரணும்னு காலையிலேருந்து பச்சைத் தண்ணி குடிக்காம உக்காந்திருக்கேன். என் நாலையும் குடுத்துட்டா, அதை நான் எதுல வாங்கறது?” ஜன்னல் மூடிக்கொண்டது.

நெட்காரர் திரும்பி வந்து தொப்பென்று உட்கார்ந்தார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டவருக்கு, இவ்வளவு சுலபமான வழி ஏன் முன்னாலேயே தோன்றவில்லை என்று சிரிப்பு வந்தது.

“விடுங்க சார். ஒரு பென் டிரைவ்ல போடுங்க. உங்க பார்ட்டி ஊர்க்கோடியில இருந்தாலும் பரவாயில்ல, நானே வண்டியில கொண்டுபோய்க் குடுத்துட்டு வர்றேன்.”

பெரியவர் முகத்தில் போன உயிர் திரும்பி வந்தது. அவசர அவசரமாக வீடியோவை ஏற்றினார். பென் டிரைவை ஒரு காகிதத்தில் மடித்து, இரண்டு கையாலும் நீட்டினார்.

“வீடு எங்க சார்?”

பெரியவர் தரையைப் பார்த்துக்கொண்டே விரலை மட்டும் தூக்கிக் குறுக்குச் சுவரைக் காட்டினார்.

நெட்காரர் சுவரைப் பார்த்தார். ஓட்டையைப் பார்த்தார். மறுபடியும் பெரியவரைப் பார்த்தார்.

“அப்ப, காலையிலேருந்து நீங்க போன்ல சார் சார்னு கெஞ்சினது?”

“அவர் பார்ட்டிங்க. தொழில் வேற.”

“அந்தப் பொண்ணு?”

“நான் தூக்கி வளர்த்தவ. கல்யாணத்தையே இந்தத் திரையிலதான் பார்த்தேன்.”

“ஏன் சார், இதை நீங்களே அந்த ஜன்னல்ல நீட்டியிருந்தா காலையிலயே முடிஞ்சிருக்குமே?”

பெரியவர், ஒன்றும் தெரியாத பிள்ளையைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்தார். அதற்குள் போன் மறுபடி அடித்தது. எடுத்து, “வந்துக்கிட்டே இருக்கு சார், ரெண்டே நிமிஷம்” என்று பணிவாகச் சொல்லி வைத்துவிட்டு, நெட்காரர் பக்கம் திரும்பினார்.

“அதெப்படிங்க? நாங்கதான் பேசிக்கிறதில்லையே.”