ரெண்டே பேர்

"பிள்ளைங்க எத்தனை பேரு?" வீட்டுச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார் வீட்டுக்கார அம்மா ஒர்னெல்லா.

"ரெண்டே பேருதாங்க மேடம். சத்தமே போட மாட்டாங்க," என்றாள் மிரெல்லா.

ஒர்னெல்லாவின் முகம் வாடியது. மிரெல்லா கவலையோடு கணவன் தாவிதேயைப் பார்த்தாள். அவனுக்கு இத்தாலியின் கோமோ ஏரியில் படகு ஓட்டும் வேலை கிடைத்திருந்தது. ஆனால், பிள்ளைகள் என்றதுமே ஏரிக்கரையில் யாரும் வீடு தரவில்லை. அதனால்தான், சற்றுத் தள்ளியிருந்த இந்தச் சின்ன ஊருக்கு வந்ததும் மூத்த இருவரையும் கீழே ஐஸ்கிரீம் கடையில் விட்டுவிட்டு, சின்னவர்களோடு மட்டும் மாடியேறியிருந்தார்கள்.

"அம்மா! இவன் என்னுதையும் தின்னுட்டான்!" கத்திக்கொண்டே இரண்டு பேர் ஓடிவந்தார்கள்.

"இவங்க யாரு?"

"எங்க பிள்ளைங்கதான்." மிரெல்லா தலைகுனிந்தாள். "மொத்தம் நாலு. மன்னிச்சிடுங்க."

"என்ன வயசு?"

"ஆறிலேருந்து பத்துக்குள்ள."

ஒர்னெல்லா பால்கனிக்கு ஓடி, கீழே சலூனைப் பார்த்துக் கூவினார். "நெல்லோ! ஷேவிங் பாதியில இருந்தாலும் சரி, உடனே மேல வா!" திரும்பி, "எங்க மேயர்," என்றார்.

"வேணாங்க, நாங்களே போயிடறோம்." தாவிதே பெட்டியைத் தூக்கினான்.

"அதைக் கீழ வைங்க!" சாவியை மிரெல்லாவின் கையில் திணித்தார் ஒர்னெல்லா. "நான் இந்த ஊர் டீச்சர். நாலு பிள்ளைங்க குறையுதுன்னு பள்ளிக்கூடத்தையே மூடப்போறாங்க. நீங்க ரெண்டுன்னு சொன்னதும் என் உசிரே போயிடுச்சு!"

ஒரு கன்னத்தில் நுரையோடு வந்த மேயர் நான்கு தலைகளையும் எண்ணினார். நம்பாமல் மறுபடியும் எண்ணினார். "பள்ளிக்கூட மணியை அடிக்கச் சொல்லுங்கடா!" என்று ஜன்னல் வழியே கத்தினார்.

"சொல்லாம விட்டது வேற ஏதாச்சும் இருக்கா?" ஆசையாகக் கேட்டார் ஒர்னெல்லா.

மிரெல்லா வெட்கத்தோடு வயிற்றில் கை வைத்தாள்.